கேட்டபோது மட்டும் எரியும் எண்ணெய்

மலையேறப் போகிறவரும் காட்டில் கூடாரம் அடித்துத் தங்கப் போகிறவரும் அடுப்புக்கும் விளக்குக்கும் எதை எடுத்துச் செல்வது என்று யோசிக்கும்போது, பெரும்பாலும் மூன்று திரவங்கள் முன்னால் நிற்கின்றன: மண்ணெண்ணெய், பெட்ரோல் வகையைச் சேர்ந்த நாப்தா, ஸ்பிரிட். எது அதிகச் சூடு தரும் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் எழும் கேள்வி. அந்தக் கேள்வியால் பாதிதான் தீரும். ஒரு கிலோ ஸ்பிரிட் சுமார் 27 மெகாஜூல் வெப்பம் தருகிறது; மண்ணெண்ணெயும் பெட்ரோலும் 43, 44 மெகாஜூல் தருகின்றன. ஸ்பிரிட் பின்தங்கிவிடுகிறது, சரி. மற்ற இரண்டில் எது என்று இந்தக் கணக்கு சொல்லாது. அந்த இரண்டையும் பிரிப்பது அவை எரியும் விதத்தைவிட, எரியக் கூடாத நேரத்தில் அவை நடந்துகொள்ளும் விதம். சுழியத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலும் பெட்ரோலிலிருந்து எழும் ஆவி தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். மண்ணெண்ணெயின் ஆவி அப்படிப் பற்ற 35, 40 டிகிரியாவது சூடாக வேண்டும். ஒரு திரவத்தின் ஆவி தீயை ஏற்கத் தொடங்கும் அந்த வெப்பநிலையைப் பற்றுநிலை என்று அழைக்கலாம். கடந்த 170 ஆண்டுகளில் விளக்கெண்ணெயும் அடுப்பெண்ணெயும் கடந்துவந்த பாதையைப் பார்த்தால், சரியான எரிபொருள் எது என்பதை முடிவு செய்தது பெரும்பாலும் இந்த ஒரு குணமும், அது டின்னுக்கு டின் மாறாமல் இருக்கும் என்ற உறுதியும்தான். கேட்டபோது மட்டும் எரிவதும், வாங்கும் ஒவ்வொரு முறையும் அதே மாதிரி எரிவதும்தான் நல்ல எண்ணெய்க்கு இலக்கணம் என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

மண்ணெண்ணெய் வருவதற்கு முன் நம் வீடுகளில் எரிந்தவை நல்லெண்ணெய், ஆமணக்கெண்ணெய், இலுப்பையெண்ணெய், புன்னையெண்ணெய் போன்றவை. பாதுகாப்பில் இவற்றுக்கு இணை கிடையாது. இவற்றின் பற்றுநிலை 200 டிகிரியைத் தாண்டும். அகல் கவிழ்ந்தால் தரை பிசுபிசுக்கும், வீடு பற்றிக்கொள்வது அரிது. ஆனால் அந்தப் பாதுகாப்புக்கு ஒரு விலை உண்டு. கெட்டியான எண்ணெய் திரியில் மெதுவாகத்தான் ஏறும், ஏறுகிற அளவுக்குத்தான் சுடர் வரும். படிக்கவோ நுணுக்கமான வேலை செய்யவோ அந்த வெளிச்சம் போதவில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் திமிங்கில எண்ணெய் இதைவிடப் பளிச்சென்று எரிந்தது. ஆனால் வேட்டை பெருகப் பெருகத் திமிங்கிலங்கள் அரிதாகி விலை ஏறியது. பிரகாசமாகவும் மலிவாகவும் எரிய வேண்டும் என்றால் எளிதில் ஆவியாகும் திரவம் வேண்டும். எளிதில் ஆவியாவது எளிதில் வெடிக்கவும் செய்யும். 19ஆம் நூற்றாண்டின் விளக்கு வரலாறு முழுவதும் இந்த முரணை அவிழ்க்க நடந்த முயற்சிதான்.

அமெரிக்காவில் 1830களிலிருந்து 1860 வரை சாதாரண வீடுகளின் விளக்கு டர்பன்டைனை நம்பியிருந்தது. பைன் மரப் பாலை வடித்து எடுத்த டர்பன்டைனைச் சாராயத்தோடு கலந்து விற்றார்கள். வெள்ளை வெளேரென்று எரிந்தது, புகை குறைவு, திமிங்கில எண்ணெயைவிட விலையும் மலிவு. எரிந்துகொண்டிருக்கும் விளக்கில் எண்ணெய் ஊற்றினால் ஆவி பற்றிக் கையிலிருந்த ஜாடியே தீப்பிடிக்கும் என்பதுதான் அதன் குறை. பல குடும்பங்கள் அந்தக் குறைக்குப் பலியாயின. இருந்தும் மக்கள் அதை விடவில்லை, ஏனென்றால் வேறு வழி இல்லை. அதை ஒழித்தது உள்நாட்டுப் போர். டர்பன்டைன் வந்த தென் மாநிலங்களோடு வணிகம் அறுந்தது. 1862ல் சாராயத்தின் மீது கேலனுக்கு 20 சென்ட் வரி விதித்தார்கள், 1865 தொடக்கத்தில் அது 2 டாலராக உயர்ந்தது. குடிக்கும் சாராயத்துக்கும் எரிக்கும் சாராயத்துக்கும் சட்டம் வேறுபாடு பார்க்கவில்லை. எரிக்கும் சாராயத்துக்கு வரிவிலக்கு கிடைக்க 1906 வரை ஆனது. ஒரு எரிபொருள் நிலைப்பதும் மறைவதும் அதன் வேதியியலோடு முடிந்துவிடும் கதை அல்ல என்பதற்கு இது முதல் சான்று.

அந்த வெற்றிடத்தில் மண்ணெண்ணெய் நுழைந்தது. கனடாவின் ஆபிரகாம் கெஸ்னர் 1846ல் நிலக்கரியிலிருந்து விளக்கெண்ணெய் வடித்துக் காட்டியிருந்தார். போலந்துக்காரரான மருந்தாளர் இக்னாசி லுகாசியேவிச் தரையில் ஊறிய கச்சா எண்ணெயிலிருந்து வடித்த எண்ணெயில், 1853 ஜூலை 31 அன்று லுவிவ் நகர மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு விளக்கேற்றினார். 1859 ஆகஸ்டில் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் எட்வின் டிரேக் துளைத்த கிணற்றில் எண்ணெய் வந்ததும் பழைய கணக்குகள் எல்லாம் மாறின. கச்சா எண்ணெயைக் காய்ச்சும்போது முதலில் வருவது லேசான நாப்தாவும் பெட்ரோலும், அடுத்து மண்ணெண்ணெய், கடைசியில் கனமான எண்ணெய்கள். மோட்டார் வண்டி பிறக்காத காலத்தில் முதலில் வரும் லேசான பகுதியை வாங்க ஆளில்லை. சிலர் அதை ஆற்றில் கொட்டினார்கள். வேறு சிலர் மண்ணெண்ணெயில் கலந்தார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, விளக்கும் எரியும். ஆனால் எண்ணெயின் பற்றுநிலை அறையின் வெப்பத்துக்குக் கீழே இறங்கிவிடும்; விளக்கின் வயிற்றில் ஆவி நிறையும்; ஒரு நாள் அது வெடிக்கும். டர்பன்டைன் விளக்கை விட்டுப் பாதுகாப்பைத் தேடி வந்தவர்கள் அதே ஆபத்தை வேறு பெயரில் விலைகொடுத்து வாங்கினார்கள்.

இதற்கு எதிராக அமெரிக்க நாடாளுமன்றம் 1867ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. விளக்கெண்ணெயில் நாப்தா கலந்து விற்பதும், 110 பாரன்ஹீட், அதாவது 43 செல்சியஸ் டிகிரிக்குக் கீழே தீப்பிடிக்கும் எண்ணெயை விற்பதும் குற்றம் என்றது. டெவிட் என்பவர் மீது தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மாநிலங்களுக்குள் நடக்கும் விற்பனையை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு இல்லை என்று சொல்லி நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாததாக்கியது. மக்கள் சாவது தெரிந்தும், தடுக்க வேண்டியது யார் பொறுப்பு என்பதிலேயே காலம் கழிந்தது. 1870ல் ஜான் ராக்பெல்லர் தன் நிறுவனத்துக்கு ஸ்டாண்டர்டு ஆயில் என்று பெயர் வைத்ததை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும். அந்த நிறுவனம் போட்டியாளர்களை நசுக்கிய விதம் தனிக் கதை. ஆனால் எந்த ஊரில் வாங்கினாலும் எண்ணெய் ஒரே தரமாக இருக்கும் என்ற வாக்குறுதியையே அது விற்பனைச் சரக்காக்கியது. வாங்குகிறவர்கள் வெளிச்சத்துக்கு மேல் நம்பிக்கைக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார்கள்.

நம்பிக்கையை நிறுவனத்தின் பெயரிலிருந்து சோதனைக் கருவிக்கு மாற்றியது பிரிட்டன். மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல எண்ணெயைச் சோதிக்க ஒரு வழி தேவைப்பட்டது. வேதியியலாளர் பிரெடரிக் ஏபெல் மூடிய கிண்ணம் ஒன்றை வடிவமைத்தார். எண்ணெயை அதில் வைத்து மெல்லச் சூடேற்றி, மூடியைத் திறந்து சிறு சுடரைக் காட்டி, எந்த வெப்பத்தில் ஆவி பளிச்சென்று பற்றுகிறது என்று குறித்துக்கொள்ளும் முறை அது. 1879ல் சட்டம் அதை ஏற்று, 73 பாரன்ஹீட் டிகிரியை எல்லையாக வைத்தது. செல்சியஸில் அது ஏறத்தாழ 23. இந்தியாவின் 1934ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டத்திலும் அதே கோடுதான் இருக்கிறது: 23 டிகிரிக்குக் கீழே பற்றுபவை ஏ வகுப்பு, கடும் கட்டுப்பாட்டுக்கு உரியவை. லண்டன் வீட்டு அறைக்கு அந்த எண் பொருத்தமாக இருந்திருக்கலாம். சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி இரவில்கூட வெப்பம் அதற்கு மேல்தான். இந்திய மண்ணெண்ணெய்க்கான தர விதி 35 டிகிரிக்குக் குறையாத பற்றுநிலை கேட்பது அதனால் அவசியமாகிறது. அக்னி நட்சத்திர நாட்களில் வெயில் 40ஐத் தாண்டும்போது அந்தப் பாதுகாப்பும் கரைந்துவிடுகிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். மண்ணெண்ணெய் பாதுகாப்பானது என்று சொல்லும்போது, எந்த வெப்பத்தில் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தரம் உறுதியானதும் எண்ணெய் உலகெங்கும் பரவியது. தொடக்கத்தில் அமெரிக்க எண்ணெய் மரப்பெட்டிக்கு இரண்டு டின் என்ற கணக்கில் கப்பல் ஏறி ஆசியாவுக்கு வந்தது. கப்பலின் வயிற்றிலேயே எண்ணெயை நிரப்பி அனுப்பினால் செலவு குறையும். ஆனால் சூயஸ் கால்வாய் வழியாக அப்படிப்பட்ட கப்பலை விட ஆபத்துக்கு அஞ்சி அனுமதி தரவில்லை. லண்டன் வணிகர் மார்கஸ் சாமுவேல் கால்வாய் நிர்வாகம் ஏற்கும் பாதுகாப்புடன் ஒரு கப்பலைக் கட்டுவித்தார். முரெக்ஸ் என்ற அந்தக் கப்பல் 1892 ஆகஸ்டில் ரஷ்ய மண்ணெண்ணெயோடு கால்வாயைக் கடந்தது. எண்ணெயை மொத்தமாகக் கொண்டுவந்தால் மக்கள் தங்கள் பாத்திரத்தில் வாங்கிக்கொள்வார்கள் என்று அவர் நினைத்திருந்தார். ஆசியாவின் சந்தைகளோ டின்னோடுதான் கேட்டன, ஏனென்றால் காலி டின் கூரையாகவும் தண்ணீர்க் குடமாகவும் அளவுப் பாத்திரமாகவும் மறுபிறவி எடுத்துக்கொண்டிருந்தது. அவர் சிவப்பு டின்களை அடிக்கத் தொடங்கினார். அடுத்த சில பத்தாண்டுகளில் கடைக்கோடி கிராமத்திலும் மண்ணெண்ணெய் கிடைத்தது. எந்த ஊரிலும் கிடைக்கும் என்பது பின்னாளில் பயணிகளுக்கும் மலையேறுபவர்களுக்கும் அதன் பற்றுநிலைக்கு இணையான பலமாக அமைந்தது.

எளிதில் பற்றாத எண்ணெயை அடுப்பில் நன்றாக எரிய வைப்பது எப்படி என்ற சிக்கலுக்கு விடை ஸ்வீடனிலிருந்து வந்தது. திரி ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் மஞ்சளாக எரியும், பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கும், நாற்றமும் வரும். ஸ்டாக்ஹோமில் மெக்கானிக்காக இருந்த பிரான்ஸ் லிண்ட்க்விஸ்ட் 1892ல் உருவாக்கிய ப்ரைமஸ் ஸ்டவ்வில் திரியே இல்லை. பம்ப் அடித்து ஏற்றிய காற்றழுத்தம் எண்ணெயைக் குழாயில் மேலே தள்ளும். பர்னர் ஏற்கெனவே சூடாக இருப்பதால் எண்ணெய் அங்கே ஆவியாகும். ஊசிமுனைத் துளை வழியாகப் பீச்சிவரும் ஆவி காற்றோடு கலந்து நீலச் சுடராக எரியும். முதலில் பர்னரைச் சூடாக்கத்தான் கீழே உள்ள கிண்ணத்தில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைக்கிறோம். தமிழ்நாட்டில் இரண்டு மூன்று தலைமுறை பயன்படுத்திய பித்தளை பம்ப் ஸ்டவ்வும் அதன் வாரிசுதான். இந்த அமைப்பில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: டேங்கில் எண்ணெய் குளிர்ந்து, பற்ற மறுக்கும் நிலையிலேயே இருக்கிறது, பர்னரில் மட்டும் அது ஆவியாகிப் பெட்ரோலைப்போல எரிகிறது. பாதுகாப்பும் வீரியமும் ஒரே எண்ணெயில், ஒரே நேரத்தில், இரண்டு வேறு இடங்களில் சேர்ந்திருக்கின்றன. மேலே சொன்ன பழைய முரண் அடுப்பைப் பொறுத்தவரை அங்கே அவிழ்ந்தது.

இந்த அடுப்பின் தகுதியைத் துருவப் பயணங்கள் சோதித்தன. நார்வேயின் பிரிட்யோப் நான்சன் 1888ல் கிரீன்லாந்தைப் பனிச்சறுக்கில் கடந்தபோது ஸ்பிரிட் அடுப்பைக் கொண்டுசென்றார். 1895ல் கப்பலை விட்டிறங்கித் தோழர் யோஹான்சனோடு வட துருவத்தை நோக்கிப் புறப்பட்டபோது ப்ரைமஸும் மண்ணெண்ணெயும் கூடப் போயின. பனியை உருக்கித்தான் குடிக்க வேண்டும் என்ற இடத்தில், கிலோவுக்கு 27 மெகாஜூலுக்கும் 43க்கும் இடையே உள்ள வித்தியாசம் ஸ்லெட்ஜ் வண்டியின் எரிபொருள் சுமையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சப்படுத்தும். எரிபொருளைத் தேர்ந்தால் மட்டும் போதாது என்பதை 1912 காட்டியது. தென் துருவம் சென்று திரும்பிய ராபர்ட் ஸ்காட்டின் குழு, வழியில் முன்பே வைத்திருந்த கிடங்குகளில் டின்களைத் திறந்தபோது எண்ணெய் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. கடுங்குளிரில் தோல் வாஷர்கள் பழுதாகி, மூடியின் இடுக்கு வழியாக மண்ணெண்ணெய் கசிந்து போயிருந்தது. அவருக்கு முன்பே துருவத்தை அடைந்த அமுண்ட்சன் தன் டின்களை ஈயம் வைத்து அடைத்திருந்தார். இருவர் கொண்டுசென்றதும் ஒரே வகை எண்ணெய், ஒரே வகை அடுப்பு. ஸ்காட் குழுவின் முடிவுக்குப் பசி, குளிர், காயம், நோய் எனப் பல காரணங்கள் உண்டு. எரிபொருள் தட்டுப்பாடும் அவற்றில் ஒன்று. கிணற்றிலிருந்து பர்னர் வரை உள்ள வழியில் மூடியும் வாஷரும்கூட எரிபொருளின் பாகம் என்றே எண்ண வேண்டும்.

எவரெஸ்டில் இதே பாடம் வேறு வடிவில் வந்தது. 1952 மே மாதம் டென்சிங் நோர்கேயும் சுவிட்சர்லாந்தின் ரேமண்ட் லாம்பெர்டும் சுமார் 8,400 மீட்டர் உயரத்தில் அடுப்பில்லாமல் ஓர் இரவைக் கழித்தார்கள். மெழுகுவர்த்திச் சுடரில் காலி டின்னில் பனியை உருக்கிச் சில மிடறு குடிக்க முடிந்தது, அவ்வளவுதான். மறுநாள் மேலே முயன்று திரும்பினார்கள். அந்த உயரத்தில் மூச்சு வழியாகவே உடலின் நீர் வற்றுகிறது என்பதைப் பிரிட்டிஷ் உடலியலாளர் கிரிபித் பியூ வலியுறுத்தினார். போதிய நீர் குடிக்க வழி செய்யாமல் யாரையும் மேலே அனுப்பக் கூடாது என்பது அடுத்த ஆண்டுத் திட்டத்தின் ஒரு தூணாயிற்று. 1953 மே 28 இரவு கடைசி முகாமில் டென்சிங்கிடமும் ஹிலாரியிடமும் ப்ரைமஸ் இருந்தது. சூடான பானமும் சூப்பும் அதில் தயாராயின. விறைத்துப்போன தன் காலணிகளை ஹிலாரி விடியற்காலையில் அதன் சுடரில்தான் இளக்கினார். ஆக்சிஜனைப் பற்றிப் பேசும் அளவுக்கு அந்த எண்ணெயைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது ஒரு குறைதான்.

விளக்கின் பக்கம் தமிழ் மண்ணுக்கு நேரடித் தொடர்பு உண்டு. வியன்னாவின் கார்ல் அவர் பான் வெல்ஸ்பாக் 1885ல் மேண்டில் வலைக்குக் காப்புரிமை பெற்றார். சில ஆண்டுகளில் தோரியம் 99 பங்கு, சீரியம் 1 பங்கு என்ற கலவையைக் கண்டடைந்தார். நீலச் சுடர் பட்டதும் அந்த வலை வெள்ளையாக ஒளிரும். தோரியம் கிடைப்பது மோனசைட் மணலில். 1909ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். அதைத் தொடர்ந்து, இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் தொழில் தொடங்கியது. இன்றும் அது அங்கே பொதுத்துறையில் நடக்கிறது. அதே காலத்தில் பெர்லினில் மாக்ஸ் கிரெட்ஸ், மண்ணெண்ணெயை அழுத்தத்தில் ஆவியாக்கி மேண்டிலை ஒளிரச் செய்யும் பெட்ரோமாக்ஸை உருவாக்கினார். கூத்து மேடைக்கும் திருமண ஊர்வலத்துக்கும் மீன் சந்தைக்கும் மின்சாரம் வருவதற்கு முன் பகலைக் கொண்டுவந்த விளக்கு அது. மேண்டில் வலை எண்ணெயின் தரத்துக்கு இரக்கமில்லாத சோதகர். மண்ணெண்ணெயில் கனமான எண்ணெய் கலந்திருந்தால் வலை கறுக்கும், நிப்பிள் அடைக்கும், பின் போட்டுக் குத்திக்கொண்டே இருக்க வேண்டும். லேசான பெட்ரோல் கலந்திருந்தால் டேங்கே ஆபத்தாகும். விளக்கு வாடகைக்கு விட்டவர்கள் எந்தக் கடை எண்ணெய் நல்லது என்று தெரிந்துவைத்திருந்ததற்கு இதுவே காரணம்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். பற்றுநிலைதான் முக்கியம் என்றால், அமெரிக்காவில் கோல்மேன் அடுப்பும் லாந்தரும் பெட்ரோல் வகை எண்ணெயில் நூறாண்டாக வெற்றிகரமாக எரிந்தது எப்படி? கேன்சஸின் டபிள்யூ. சி. கோல்மேன் 1900ஐ ஒட்டி அழுத்த விளக்குகளை வாடகைக்கு விட்டுத் தொழில் தொடங்கினார். 1914ல் லாந்தரும் 1923ல் முகாம் அடுப்பும் வந்தன. குளிரில் எளிதில் ஆவியாகும் எண்ணெய்க்குத் தனியாக ஸ்பிரிட் ஊற்றிச் சூடாக்கத் தேவையில்லை, கரியும் படியாது. உண்மைதான். ஆனால் அந்த வரலாற்றின் அடுத்த பக்கத்தையும் படிக்க வேண்டும். 1923ல் ஓஹியோ மாநிலத்தில் ஈயச் சேர்மம் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. எஞ்சினுக்கு நல்லது என்று சேர்த்த ஈயம் அடுப்பின் ஆவிக்குழாயில் படிந்து அடைத்தது, புகையும் நஞ்சு. பெட்ரோல் பங்கில் கிடைப்பது அடுப்புக்கு ஆகாது என்ற நிலை வந்ததும், எதுவும் சேர்க்காத தூய நாப்தாவை மூடிய டின்னில் தனியே விற்க வேண்டியதாயிற்று. எளிதில் பற்றும் எண்ணெயை அவர்கள் பாதுகாப்பாகப் பயன்படுத்தியது எப்படி என்றால், திறந்த வெளியில், அதற்கென்றே செய்த கருவியில், உள்ளே என்ன இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த டின்னிலிருந்து. பற்றுநிலை தராத பாதுகாப்பைத் தூய்மையும் ஒழுங்கும் ஈடுசெய்தன. நாப்தாவைத் தேர்ந்தவர் அந்த ஒழுங்கையும் சேர்த்துத் தேர்ந்தாக வேண்டும். இந்தியாவில் ஈயம் 2000ஆம் ஆண்டிலேயே ஒழிந்தது. ஆனால் இன்றைய பங்குப் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை ஈர்க்கும், பழைய ரப்பர் வாஷர்களைக் கெடுக்கும். வண்டிக்கு ஊற்றுவதையே அடுப்புக்கும் ஊற்றலாம் என்பது இன்றும் தவறான கணக்கு.

எந்த எண்ணெயிலும் எரியும் அடுப்புகள்தான் வந்துவிட்டனவே என்பது அடுத்த மறுப்பு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் கேட்டு 1942ல் கோல்மேன் செய்துகொடுத்த சிறு அடுப்பு அந்த வகைதான்; போர்க்கள நிருபர் எர்னி பைல் அதை ஜீப்போடு சேர்த்துப் புகழ்ந்தார். 1973ல் சியாட்டிலின் லாரி பென்பர்தி எண்ணெய்க் குப்பியை அடுப்பிலிருந்து விலக்கிக் குழாயால் இணைத்த அடுப்பைக் கொண்டுவந்தார். அதன் வழித்தோன்றல்கள் பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எதிலும் எரியும். இவை பயணிக்குப் பெரிய விடுதலை. ஆனால் எரியும் என்பது ஒன்று, நன்றாக எரியும் என்பது வேறு. மண்ணெண்ணெய்க்கு ஒரு நிப்பிள், நாப்தாவுக்கு வேறொன்று. டீசலில் சூடாக்கும் நேரம் நீளும், கரி ஏறும், அடிக்கடி கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். பென்பர்தியின் அடுப்பில் குப்பி தீயிலிருந்து விலகி இருப்பதே நம் வாதத்துக்குத் துணை: எரியும் இடத்தையும் எண்ணெய் காத்திருக்கும் இடத்தையும் பிரித்துவைக்க வேண்டும் என்ற ப்ரைமஸின் கொள்கையை அது இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது. ஸ்பிரிட்டுக்கும் இதே அளவுகோல்தான். 1925ல் தொடங்கிய ஸ்வீடனின் ட்ராங்கியா நிறுவனம் செய்யும் ஸ்பிரிட் அடுப்பில் அசையும் பாகமே கிடையாது, பழுதாக ஒன்றுமில்லை, தீப்பிடித்தால் தண்ணீரால் அணைக்கலாம். ஓரிரு நாள் நடைக்கு அது போதும். ஆனால் வெயிலில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி ஊற்றுவதுதான் அதில் நேரும் பெரிய விபத்து.

மூன்றாவது மறுப்பு மிகக் கனமானது. மண்ணெண்ணெய் பாதுகாப்பானது என்றால், ஸ்டவ் வெடித்து இளம்பெண் மரணம் என்ற செய்தி 1970களிலும் 80களிலும் இந்தியப் பத்திரிகைகளில் ஏன் ஓயாமல் வந்தது? அந்தச் செய்திகளில் உண்மை விபத்துகள் உண்டு. எரியும் ஸ்டவ்வில் எண்ணெய் ஊற்றியது, அளவுக்கு மேல் பம்ப் அடித்தது, பெட்ரோல் கலந்த எண்ணெய் வாங்கியது எல்லாம் உயிர்களைப் பறித்தன. ஆனால் அந்தச் செய்திகளில் கணிசமானவை வரதட்சணைக் கொலைகளை மறைக்கச் சொன்ன பொய்கள். ஸ்டவ் எந்த நிலையில் கிடந்தது, தீக்காயம் உடலில் எங்கே தொடங்கியது, துணியில் எண்ணெய் எப்படி நனைந்திருந்தது என்று நீதிமன்றங்கள் ஆராயத் தொடங்கியபோது அந்தப் பொய்கள் உடைந்தன. 1983லும் 1986லும் குற்றவியல் சட்டத்தில் சேர்த்த பிரிவுகள் பெண்கள் இயக்கங்களின் போராட்டத்தால் வந்தவை. எரிபொருளின் குணத்தைச் சரியாகத் தெரிந்துகொள்வது நீதிக்கும் தேவை என்பதை அந்தக் காலம் உணர்த்தியது. புகையைப் பற்றிய குறையை மறுக்க முடியாது. வீட்டுக்குள் மண்ணெண்ணெய் எரிப்பதைத் தவிர்க்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2014ல் வழிகாட்டுதல் வெளியிட்டது சரியானதே. தினமும் மூடிய சமையலறையில் சமைக்கக் கேஸ் வந்தது பெரும் நன்மை. திறந்த வெளியில் சில நாட்களுக்கு எதைக் கொண்டுபோவது என்ற கேள்வி அதனால் தீர்ந்துவிடாது.

தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே பறிபோனால் என்ன ஆகும் என்பதை யாழ்ப்பாணம் அறியும். 1990க்குப் பிறகு நீண்ட பொருளாதாரத் தடையில் பெட்ரோலும் டீசலும் நின்றன, மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் அரிதாகிக் கொள்ளை விலைக்குப் போனது. ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு எண்ணெயும் பஞ்சுத் திரியும் வைத்து, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். மோட்டார் சைக்கிளைச் சில துளி பெட்ரோலில் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சூடான எஞ்சினில் மட்டும் மண்ணெண்ணெய் ஆவியாகும் என்ற ப்ரைமஸின் தத்துவத்தைத் தேவை அவர்களுக்கு மறுபடி கற்றுக்கொடுத்தது. அது பெருமைக்குரிய மதிநுட்பம். ஆனால் கிடைக்காத எண்ணெய், எவ்வளவு உயர்ந்ததானாலும், சரியான எண்ணெய் ஆகாது என்பதற்கும் அதுவே சாட்சி. போகும் இடத்தில் என்ன கிடைக்கும் என்பதை முதலில் விசாரித்துவிட்டு அடுப்பை வாங்க வேண்டும் என்று மலையேறுபவர்கள் சொல்வதில் இந்த அனுபவத்தின் சாரம் இருக்கிறது.

இந்தியாவில் கலப்படத்தின் திசை தலைகீழாக மாறியது. 1860களில் நாப்தா மலிவு, அதனால் அது மண்ணெண்ணெயில் கலந்தது. ரேஷன் மண்ணெண்ணெய் மானியத்தால் மலிவான பிறகு அது டீசலில் கலந்தது. கலப்படம் எப்போதும் விலை வித்தியாசத்தின் பின்னால்தான் போகும். அடையாளம் காண ரேஷன் எண்ணெய்க்கு நீல நிறம் ஏற்றினார்கள். அந்தக் காவல் எவ்வளவு ஆபத்தான வேலை என்பதற்கு 2005ல் உத்தரப் பிரதேசத்தில் கலப்படம் செய்த பெட்ரோல் பங்குகளைக் கண்டுபிடித்ததற்காகக் கொல்லப்பட்ட இந்தியன் ஆயில் அதிகாரி சண்முகம் மஞ்சுநாத்தின் உயிர் சாட்சி. இன்று கேஸ் பரவி, மண்ணெண்ணெய் ரேஷன் கடைகளிலிருந்து விலகிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் வள்ளம் ஓட்டும் மீனவருக்கும் மலைப்பாதையில் சமைக்கும் வழித்துணையாளருக்கும் அது இன்னும் தேவை. முறையான விற்பனை சுருங்கும்போது, பெயரில்லாத பாட்டிலில் வரும் எண்ணெயும் பெயிண்ட் கடைத் தின்னரும் அந்த இடத்தைப் பிடிக்கும். 1860களின் விளக்கு விபத்துகளுக்கு வழிவகுத்த அதே சூழல் அது. முகாம் அடுப்புக்கான எண்ணெய் எதுவாக இருந்தாலும் அதன் பற்றுநிலையையும் அதில் என்ன கலந்திருக்கிறது என்பதையும் டின்னின் மேல் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிடச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். சில்லறையில் விற்கும் எண்ணெயை அவ்வப்போது எடுத்துச் சோதித்து முடிவை வெளியிட வேண்டும். வீட்டில் சமைக்க இந்த எண்ணெய்களை யாரும் நாடத் தேவையில்லை. வெளியே போகிறவர் போகும் இடத்தில் கிடைப்பதையும், தன் அடுப்புக்கு உரியதையும், டின்னுக்குள் என்ன இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்ததையும் எடுத்துக்கொள்ளட்டும். இந்த மூன்றும் ஒத்துவரும் இடங்களில் பெரும்பாலும் மண்ணெண்ணெய்தான் மிஞ்சும். அந்த மூன்றாவது நிபந்தனையைத் தனி மனிதர் தன் கண்ணாலும் மூக்காலும் நிறைவேற்றிக்கொள்ள முடியாது. அதற்கு ஏபெலின் கிண்ணமும், அதைப் பயன்படுத்தும் அதிகாரியும், அவரைக் காக்கும் அரசும் வேண்டும்.